15 வயது காரின் நிறம் மங்கிடுச்சா? பாலிஷ் போதுமா, பெயின்ட் அடிக்கணுமா? முதலில் எதைச் சரிசெய்யணும்?

2010-11 நிதியாண்டில் இந்தியாவில் சுமார் 25 லட்சம் பயணிகள் வாகனங்கள் விற்பனையாயின. அதுவரை எந்த ஆண்டிலும் இவ்வளவு விற்றதில்லை. அந்த வருஷம் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஷோரூமை விட்டு வெளியே வந்த ஸ்விஃப்ட், ஐ10, சான்ட்ரோ, ஃபிகோ எல்லாம் இப்போது 15 வயதைத் தொட்டுவிட்டன.

இதில் நிறைய கார்கள் இன்னும் தினமும் ஓடுகின்றன. அப்பா வாங்கின வண்டி, இப்போ மகளோ மகனோ ஓஎம்ஆர் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறாங்க. என்ஜினில் குறையில்லை, ஏ.சி. ஜில்லுன்னு இருக்கு. வெளியே பார்த்தால்தான் வயசு தெரியுது. பானெட்டில் வெள்ளைத் திட்டு, ரூஃபில் வெயிலில் உரிந்த தோல் மாதிரி ஒரு படலம், மஞ்சள் படிந்த ஹெட்லைட், சாம்பல் நிறத்துக்குப் போய்விட்ட கறுப்பு பிளாஸ்டிக்.

"முழுசா பெயின்ட் அடிச்சிடலாமா, இல்ல வித்துட்டுப் புதுசு வாங்கலாமா?" இந்த வீடுகளில் எல்லாம் ஒரு முறையாவது வந்துபோன கேள்வி இது. இப்போது அதற்கு அவசரமும் சேர்ந்திருக்கிறது. அதற்குக் காரணம் அரசின் இரண்டு முடிவுகள்.

ஒரு பக்கம் ஜிஎஸ்டி, இன்னொரு பக்கம் ஆர்.சி.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசி வரை, டீசல் என்றால் 1,500 சிசி வரை உள்ள கார்கள் இதில் வரும். முன்பு 28 சதவீத வரி, அதன்மேல் செஸ் என்று மொத்தம் 29 முதல் 31 சதவீதம் வரை போனது. ஆக, புது கார் பக்கம் இழுக்க ஒரு காரணம்.

மறுபக்கம், பழைய காரை வைத்துக்கொள்ளும் செலவு ஏறியிருக்கிறது. தனியார் காரின் ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். பேச்சுவழக்கில் இதையும் 'எஃப்.சி.' என்றே சொல்கிறோம். இதற்கான கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் இன்னொரு அறிவிப்பு வந்தது. தேதி தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் பரிவாகன் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இடையில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம். "15 வருஷமானா பெட்ரோல் போடமாட்டாங்களாம்!" இது டெல்லி கதை. அங்கே 10 வயது தாண்டிய டீசல், 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருள் இல்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டுமே காரணமாக்கி உரிமையாளர்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. தமிழ்நாட்டில் இப்படி வயதை வைத்து மட்டும் தடை கிடையாது. ஆர்.சி.யைப் புதுப்பித்தால் ஓட்டலாம்.

அப்படியானால் கணக்கு எளிது. ஓடுகிற காரை இன்னும் ஐந்து வருஷம் வைத்துக்கொள்ள முடிவெடுத்தால், அதன் வெளிப்புறத்துக்கு எவ்வளவு செலவழிப்பது நியாயம்? எதற்கு முதலில் செலவழிப்பது? இரண்டாவது கேள்வியில்தான் பலருக்கும் பணம் வீணாகிறது.

நிறம் ஏன் போகுது?

காரின் பெயின்ட் என்று நாம் சொல்வது ஒரே அடுக்கு அல்ல. இரும்புத் தகட்டின்மேல் முதலில் பாஸ்பேட் பூச்சு. அதன்மேல் மின்சாரம் செலுத்தி, தொட்டியில் மூழ்கவைத்துப் போடும் துரு தடுப்புப் படலம். பிறகு பிரைமர், அதன்மேல் நிறம் கொடுக்கும் பேஸ் கோட், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 130 மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 40 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமாராக 70 மைக்ரான் என்றால், உங்கள் காரைப் பளபளப்பாக வைத்திருக்கும் அந்தக் கண்ணாடிப் படலம் ஒரு முடியைவிட மெல்லியது. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிளியர் கோட்டுக்குள் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும் ரசாயனங்கள் இருக்கும். வருஷக்கணக்கில் வெயில் வாங்கி வாங்கி அவை தீர்ந்துபோகும். அதன்பிறகு கதிர் நேராகப் படலத்தின் பிணைப்புகளை உடைக்கும். முதலில் மங்கல், பிறகு பால் போன்ற வெளுப்பு, கடைசியில் செதில் செதிலாக உரிதல். பானெட், ரூஃப், டிக்கி மூடி இவைதான் முதலில் போகும். மேலே பார்த்தபடி படுத்திருக்கும் பாகங்கள், மதிய வெயில் மொத்தமும் அவற்றின் மேல்தான். கதவுகள் அதே வயதில் இன்னும் நல்லா இருக்கும். சிவப்பு நிறக் கார்கள் சீக்கிரம் வெளுப்பதையும் கவனித்திருப்பீர்கள். பழைய சிவப்பு நிறமிகள் பல புற ஊதாக் கதிரைத் தாங்காதவை.

வெயில் மட்டும் குற்றவாளி இல்லை. பறவை எச்சத்தை இரண்டு நாள் விட்டால் வெயிலில் சூடாகி கிளியர் கோட்டில் பள்ளம் பதித்துவிடும். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் சுண்ணாம்பு வட்டங்கள் படியும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத் தெருக்களில் உப்புக் காற்று.

ஆனால் அபார்ட்மென்ட் கார்களுக்கு வருகிற சேதத்தில் பெரிய பங்கு காலையில் துடைக்கும் முறைக்குத்தான் என்பேன். துடைப்பவரைக் குறை சொல்லவில்லை. மாதச் சம்பளத்துக்கு ஒரு பக்கெட் தண்ணீரில், ஒரே துணியில் இருபது கார்களைத் துடைக்க வேண்டிய நிலையில் அவரை வைத்திருக்கிறோம். முதல் காரின் மணல் இருபதாவது காரைத் தேய்க்கும். தெருவிளக்கின் கீழே பார்த்தால் கறுப்பு காரின் மேல் சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல்கள் தெரியுமே, அது இப்படி வந்ததுதான். அவரிடம் உங்கள் காருக்கென்று தனியாக இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் ஒரு பக்கெட்டும் கொடுங்கள். "காய்ந்த தூசியைத் துணியால் தட்டாதீங்கண்ணா, தண்ணி ஊத்தி இறக்கிட்டுத் துடைங்க" என்று சொன்னால் போதும். சில நூறு ரூபாய்தான், ஆனால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா யோசனையிலும் அதிகப் பலன் தருவது இதுவாக இருக்கலாம்.

பாலிஷா, பெயின்ட்டா? கண்டுபிடிப்பது எப்படி?

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். காரைக் கழுவி நிழலில் நிறுத்துங்கள். மங்கிய இடத்தில் விரலை ஓட்டுங்கள். வழவழப்பாக, ஆனால் ஒளி இல்லாமல் இருந்தால் அது மேல்மட்ட ஆக்சிஜனேற்றம். பாலிஷில் பெரும்பாலும் திரும்பி வரும். அதுவே நகத்தை ஓட்டும்போது ஏதாவது விளிம்பில் தடுக்கினால், வெள்ளைத் திட்டின் ஓரம் வரைபடத்தில் தீவு மாதிரி தெளிவாகத் தெரிந்தால், கிளியர் கோட் உரிய ஆரம்பித்துவிட்டது. இதற்கு உலகத்தில் எந்த பாலிஷும், எந்த வாக்ஸும் மருந்தில்லை. இல்லாத படலத்தை எதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது? அந்த பேனலை மறுபடி பெயின்ட் அடிப்பது ஒன்றே வழி.

தண்ணீர் ஊற்றினால் நிறம் உயிர்பெற்று வருகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அது ஒரு துப்பு மட்டுமே. உரிய ஆரம்பித்த பேனல்கூட ஈரத்தில் கொஞ்ச நேரம் அழகாகத் தெரியும். விரல் சொல்வதை நம்புங்கள்.

இன்னொரு சோதனை, கொஞ்சம் பழைய கார்களுக்கு. கண்ணில் படாத மூலையில் வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால், அது கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்கு பெயின்ட். பழைய மாருதி 800, அம்பாசடர் வெள்ளைகள் பல இந்த வகை. இந்த பெயின்ட்டுக்கு ஒரு வசதி உண்டு. மேலே செத்த அடுக்கைத் தேய்த்து எடுத்தால் கீழே அதே நிறம் இருக்கும். அதனால்தான் முப்பது வயசு வெள்ளை அம்பாசடர்கூட நல்ல ரப்பிங்குக்குப் பிறகு கல்யாண வண்டி மாதிரி மின்னுகிறது. மெட்டாலிக் நிறத்தில் இந்த வித்தை நடக்காது. அதில் மேலே இருப்பது கிளியர் கோட், அது தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

பாலிஷ் போதும் என்று தெரிந்தால், என்ன செய்யச் சொல்லணும்?

முதலில் நன்றாகக் கழுவி, களிமண் போன்ற ஒரு கட்டியை வழுக்கும் திரவத்தோடு தேய்த்து, ஒட்டியிருக்கும் தார்த்துளி, பிரேக் தூசி, மரப்பிசின் எல்லாம் எடுப்பார்கள். 'கிளே பார்' என்பது இதுதான். பிறகு கம்பவுண்ட், அதற்கடுத்து நுண்ணிய பாலிஷ், கடைசியில் வாக்ஸ் அல்லது சீலன்ட்.

கம்பவுண்ட் என்பது மிக நுண்ணிய மணல். அது கீறலை 'நிரப்பாது'. கீறலின் அடிமட்டம் வரை மேல் படலத்தைச் செதுக்கும். ஒரு சுற்றுக்கு ஓரிரு மைக்ரான் போகும். இப்போ அந்த 40 மைக்ரான் கணக்கை எடுங்கள். அதிலும் புற ஊதாத் தடுப்பு மேல்பகுதியில்தான் அதிகம் வேலை செய்கிறது. ஆகவே வாழ்நாளில் இரண்டு மூன்று முறைக்கு மேல் கடுமையான ரப்பிங் தாங்காது. சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் "ரப்பிங் பாலிஷ் போட்டுடலாமா சார்?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் சரி என்று தலையாட்டினால், மங்கலைச் சரிசெய்வதாக நினைத்து உரிதலைச் சீக்கிரம் கூப்பிடுகிறோம்.

மெஷினையும் கேளுங்கள். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேகமானது. ஆனால் கை பழகாதவர் பிடித்தால் பேனலின் மடிப்புகளில் சூடேறி பெயின்ட்டைத் தின்றுவிடும். சுழன்றபடியே அசையும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் மெதுவானது, மன்னிக்கும் குணம் உள்ளது. 15 வயது பெயின்ட்டுக்கு இரண்டாவதைத்தான் கேட்கணும். முதலில் ஒரு சின்ன சதுரத்தில் மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். அவரிடம் பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. 200 மைக்ரானைத் தாண்டிக் காட்டும் பேனல் ஏற்கெனவே மறு பெயின்ட் கண்டது என்று அர்த்தம். உங்களுக்கு முன் இருந்த ஓனர் சொல்லாத கதை அதில் இருக்கும்.

அப்புறம் செராமிக் கோட்டிங். இன்ஸ்டா ரீல்ஸில் தண்ணீர் முத்து முத்தாக உருளும் அதே சமாச்சாரம். சிலிக்கா அடிப்படையிலான அந்தப் பூச்சு உண்மையிலேயே வாக்ஸைவிட நீண்ட காலம் நிற்கும். ஆனால் அது அடியில் இருப்பதை அப்படியே பூட்டிவைக்கும். மங்கல் இருந்தால் மங்கலுக்கு மேல் மினுமினுப்பு. உரிய ஆரம்பித்த பேனலில் போட்டால் சில மாதத்தில் பூச்சோடு சேர்த்து உரியும். என் கருத்து: 15 வயது தினசரி வண்டிக்கு, நல்ல பாலிஷுக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை நீங்களே போடும் சீலன்ட் போதும். செராமிக் பணத்தை வேறு இடத்தில் போடலாம். எங்கே? அடுத்து வருவது அதுதான்.

பளபளப்பைவிட அவசரம்: ஹெட்லைட்

வெளிப்புறப் பராமரிப்பில் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள பாகம் இது ஒன்றுதான். ஆனால் பட்டியலில் கடைசியில் நிற்பதும் இதுவே.

இப்போதைய ஹெட்லைட் மூடிகள் கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். உடையாது, எடை குறைவு. ஆனால் வெயிலில் மஞ்சளாகும். அதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையில் மேலே ஒரு கடினப் பூச்சு போடுகிறார்கள். அந்தப் பூச்சு தேய்ந்ததும் மஞ்சள் ஆரம்பிக்கும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-ல் இதைச் சோதித்தது. மங்கிய ஹெட்லைட், லோ பீமில், புதிய ஹெட்லைட் தரும் வெளிச்சத்தில் 22 சதவீதம்தான் தந்தது. அதே விளக்கைத் தேய்த்துப் புதுப்பித்தபோது வெளிச்சம் சுமார் 70 சதவீதத்துக்குத் திரும்பியது.

இதைப் பலர் பல்ப் பிரச்சினை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதிக வாட் பல்ப் மாட்டுகிறார்கள், எல்.இ.டி. மாட்டுகிறார்கள். மங்கிய மூடி வழியாகப் போகும் அதிக வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைக்கும். சாலையில் விழவேண்டியது விழாது. மழை இரவில் ஈசிஆரில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிரே வண்டி வரும்போது அந்தச் சில நொடிகள் குருட்டு ஓட்டம்தான்.

டூத்பேஸ்ட் வீடியோ பார்த்திருப்பீர்கள். பொய்யில்லை, டூத்பேஸ்ட்டும் ஒரு மென்மையான அரைப்பான்தான், கொஞ்சம் தெளியும். ஆனால் பாதுகாப்புப் பூச்சு எதையும் அது போடுவதில்லை. மிச்சமிருப்பதையும் எடுத்துவிடும். சில வாரங்களில் மஞ்சள் திரும்பி வரும், முன்பைவிட வேகமாக. கொசு விரட்டி தேய்க்கும் வீடியோ இன்னும் மோசம். சில விரட்டிகளில் உள்ள ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து, தற்காலிகமாக வழவழப்பாக்குகிறது. அது சுத்தம் இல்லை, சேதம்.

சரியான முறை: சுற்றிலும் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்ப்பது. 800 அல்லது 1000 நம்பரில் தொடங்கி 2000, 3000 வரை போகணும். பழைய பூச்சு முழுசாகப் போகும்வரை தேய்க்கும்போது தண்ணீர் மஞ்சள் பாலாக ஓடும். அது வெள்ளையாக மாறும்வரை விடாதீங்க. பிறகு பாலிஷ். கடைசியாக, எதைத் தவிர்த்தாலும் தவிர்க்கக் கூடாத ஒன்று, புற ஊதாத் தடுப்பு உள்ள கிளியர் பூச்சு. பணம் கொடுத்துச் செய்தாலும், "யூவி கோட் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கணும். மங்கல் உள்பக்கத்தில் இருந்தால், பூச்சு வெடித்துத் தூள் படிந்திருந்தால், இது உதவாது. மூடியையோ மொத்த விளக்கையோ மாற்றணும்.

அடுத்த அவசரம்: பெயின்ட்டுக்கு அடியில் கொதிக்கும் துரு

சக்கர வளைவின் விளிம்பு, கதவின் அடி ஓரம், ரன்னிங் போர்டு, டிக்கியில் நம்பர் பிளேட் விளக்கைச் சுற்றி. இங்கெல்லாம் பெயின்ட் கொப்புளம் மாதிரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே தெரிவது பட்டாணி அளவு என்றால், அடியில் தகடு எலுமிச்சம்பழ அளவுக்காவது போயிருக்கும். துரு உள்ளிருந்து வெளியே வருவதால் கடைசியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

கதவின் அடிப்பகுதியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். இலைச் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டால் தீர்ந்தது. இதை யாரும் செய்வதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ நின்றுபோன கார் என்றால், மேட் அடியில் தரையையும் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

பட்டறையில் இதற்கு எளிய 'தீர்வு' ஒன்று உண்டு. மேலாகத் தேய்த்து, பட்டி வைத்து, மேலே பெயின்ட். டெலிவரி எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு மழைக்காலம் தாண்டினால் அதே இடத்தில் அதே கொப்புளம். பட்டி ஈரத்தை உறிஞ்சும், துரு அடியில் உயிரோடு இருக்கும். ஓட்டை விழுந்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, துரு தடுப்பு பிரைமர் அடித்து, பிறகுதான் பட்டியும் பெயின்ட்டும். வேலை நடுவில் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். பட்டி வைக்கும் முன் வெறும் இரும்பு தெரியும் நிலையில் ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் கேளுங்கள். இந்த ஒரு கோரிக்கையே வேலையின் தரத்தை மாற்றும்.

முழு பெயின்ட் ஏன் பெரும்பாலும் தப்பான முடிவு?

பானெட்டும் ரூஃபும் உரிந்திருக்கிறது, மற்றதெல்லாம் பரவாயில்லை. இதுதான் பெரும்பாலான 15 வயது கார்களின் நிலை. அப்படியிருக்க, "எல்லாம் ஒரே ஷேடா வந்துடும் சார்" என்ற வாக்குறுதியில் முழு வண்டிக்கும் அடித்துவிடுகிறோம். தொழிற்சாலையில் கார் பெயின்ட் சுமார் 140 டிகிரியில் வேகவைக்கப்படுகிறது. அப்போது சீட், வயர், பிளாஸ்டிக் எதுவும் அதில் மாட்டியிருக்காது. பட்டறையில் அந்தச் சூட்டுக்குப் போக முடியாது. ஆகவே நன்றாக இருக்கும் தொழிற்சாலைப் பெயின்ட்டைத் தேய்த்துவிட்டு அதைவிட மெல்லிய உறுதி கொண்ட ஒன்றை மேலே போடுகிறோம்.

விற்கும்போதும் அது உதவாது. முழு பெயின்ட் கண்ட பழைய காரைப் பார்த்ததும் வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "ஆக்ஸிடென்ட்டா, வெள்ளமா?"

பாதிக்கப்பட்ட பேனல்களை மட்டும் அடியுங்கள். பெயின்ட் கோட் எண்ணை வண்டியில் உள்ள ஸ்டிக்கரிலோ தகட்டிலோ பார்த்துக் கொடுங்கள். ஆனால் 15 வருஷம் வெயில் பார்த்த நிறம் அந்த எண்ணில் உள்ள நிறமாக இருக்காது. பக்கத்து பேனலை முதலில் பாலிஷ் செய்துவிட்டு, அதன் உண்மையான நிறம் வெளிவந்த பிறகு ஷேடு ஒப்பிடச் சொல்லுங்கள். வரிசை மாறினால் புது பானெட் ஒரு வெள்ளை, ஃபென்டர் இன்னொரு வெள்ளை என்றாகிவிடும்.

நிறத்தையே மாற்றும் ஆசை இருந்தால் நில்லுங்கள். ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கிறது. அதற்கு மாறாக மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் திருத்தணும். முழு வண்டிக்கும் வேறு நிறத்தில் ஸ்டிக்கர் ரேப் ஒட்டுவதற்கும் இதே பிரச்சினைதான்.

இன்னொன்று, நம் பில்லில் வராத செலவு. பட்டறைகளில் அடிக்கும் கிளியர் கோட், ஹார்டனர் கலந்தது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே பெயின்டர்களுக்கு வரும் தொழில்சார் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது அதுதான். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தெருவோரத்தில் அடிக்கும் அண்ணனுக்கு அந்தத் துணி எந்தப் பாதுகாப்பும் தராது. பெயின்ட் பூத்தும் சரியான சுவாசக் கவசமும் உள்ள கடை கொஞ்சம் கூட கேட்கும். அந்த வித்தியாசத்தை 'ஏமாத்துறாங்க' என்று மட்டும் கணக்கு போடாதீர்கள். தூசி விழாத பூத்தில் பெயின்ட்டும் நன்றாக வரும்.

இன்சூரன்ஸில் கிடைக்குமா?

மங்கலுக்கும் உரிதலுக்கும் கிடைக்காது. அது தேய்மானம், விபத்து அல்ல. உண்மையிலேயே இடித்து பேனல் பெயின்ட் வேண்டியிருந்தால் கிடைக்கும், அதுவும் முழு இன்சூரன்ஸ் இருந்தால். 15 வயது கார்கள் பலவற்றுக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருக்கும்.

பெயின்ட் செலவில் கழிவு எப்படி என்பதிலும் குழப்பம் உண்டு. பெயின்ட் வேலைக்கு ஒரே தொகையாகப் பில் இருந்தால், அதில் 25 சதவீதத்தைப் பொருள் செலவாக எடுத்து, அந்தப் பகுதியில் மட்டும் பாதியைக் கழிப்பார்கள். 20,000 ரூபாய் பில் என்றால் பொருள் 5,000, கழிவு 2,500. அதோடு 1,500 சிசி வரை உள்ள கார்களுக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். மீதி கிடைக்கும். ஆனால் கிளெய்ம் எடுத்ததும் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யத்துக்குப் போகும். ஐந்து வருஷம் கிளெய்ம் எடுக்காதவருக்கு அது 50 சதவீதத் தள்ளுபடி. ஒரு பம்பர் கீறலுக்காக அதை இழப்பது லாபமா என்று பிரீமியம் ரசீதை எடுத்து வைத்துக் கணக்கு போடுங்கள்.

எப்போது செய்வது?

ஆர்.சி. புதுப்பிக்க, முடிவுத் தேதிக்கு 60 நாட்களுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். வண்டியை ஆய்வாளர் நேரில் பார்ப்பார். ஹெட்லைட், துரு வேலைகளை அதற்கு முன்பே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். டிங்கரிங் செய்பவரிடம் சேஸிஸ் எண் உள்ள இடத்தில் பட்டியோ பெயின்ட்டோ படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே பென்சிலில் தேய்த்து சேஸிஸ் பிரின்ட் எடுக்கும்போது எண் தெரியவில்லை என்றால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

பேனல் பெயின்ட்டை மட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தள்ளிப்போடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரக் காற்றில், பூத் இல்லாத பட்டறையில் அடிக்கும் பெயின்ட்டில் ஈரம் சிக்கி வெளிறிப்போகும். பொங்கல் முடிந்த கையோடு விட்டால் காற்று காய்ந்திருக்கும், கடையிலும் கூட்டம் குறைவு.

கறுப்பு பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்று கேட்கலாம். அது மங்கினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. டிரிம் ரெஸ்டோரர் என்று கேட்டு ஒரு பாட்டில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஸ்பாஞ்சில் தேய்த்தால் வேலை முடிந்தது. கைக்கு கிளவுஸ் போட்டுக்கோங்க, நகத்துக்குள் போனால் கறுப்பு லேசில் போகாது.